மர அதிகாரியா, மரநல உத்தியோகத்தரா?

அன்பின் குழுமத்தாருக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை எங்கள் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தரப் பிள்ளைகளுக்குத் தொழில் வழிகாட்டல் வகுப்பு நடந்தது. நான் ஹட்டன் பக்கம் ஓர் உள்ளூராட்சி மன்றத்தில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவன் என்பதால், சபைகளில் என்னென்ன வேலை இருக்கிறது என்று பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பிரித்தானியாவில் நகரத்து மரங்களைப் பார்த்துக்கொள்வதற்கென்றே சபைகளில் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் 'ட்ரீ ஒஃபிசர்' (tree officer) எனப்படும் அந்தப் பதவிக்குத் தமிழில் என்ன சொல்வது என்று இரண்டு வாரமாக நாம் இந்தக் குழுமத்தில் புரட்டிக்கொண்டிருக்கும் சொற்களில் ஒன்றைக் கரும்பலகையில் எழுதினேன்: மர அதிகாரி. கடைசி வாங்கிலிருந்து ஒரு பையன் எழும்பிக் கேட்டான்: "சேர், மரக்காலையிலயா வேலை?" கேலிக்குக் கேட்கவில்லை. அவன் அப்பா மரம் அறுத்து விற்கிற மரக்காலையில் வேலை செய்கிறவர்.

சென்னை ஐயா எழுதியிருந்தார்: "வன அலுவலர் என்கிறோமே, மர அலுவலர் என்பதில் என்ன குறை?" ஐயா, வெட்டின காட்டை யாரும் காடு என்று சொல்வதில்லை. வெட்டின மரத்தை, அது பலகையாகிக் கடையில் அடுக்கிக் கிடந்தாலும், மரம் என்றுதான் சொல்கிறோம். இலங்கையில் மரம் அறுத்து விற்கிற அரச நிறுவனத்தின் பெயரே அரச மரக் கூட்டுத்தாபனம். 'மர' என்று தொடங்கி உடனே 'அதிகாரி' என்று முடிந்தால் எங்கள் சனத்துக்கு முதலில் வாள்தான் கண்ணுக்குத் தெரியும்.

சரி, அந்த வேலைதான் என்ன? பிரித்தானியாவில் அந்த வேலைக்கு வருகிற பலர் கயிறு கட்டி மரம் ஏறி, சங்கிலி வாளோடு கொப்பு வெட்டித் தொடங்கியவர்கள். அப்புறம் மரவளர்ப்பில் டிப்ளோமா படித்து, மரங்களைப் பார்வையிட்டு அறிக்கை எழுதப் பழகி, சபைக்குள் வருகிறார்கள். வந்த பிறகு வாளைத் தொடுவதே குறைவு. வீதி மரங்களைக் கணக்கெடுப்பது, எது நிற்கலாம் எது ஆபத்து என்று சொல்வது, கட்டட வரைபடம் வந்தால் அங்குள்ள மரங்களுக்காகப் பேசுவது, ஒப்பந்தக்காரர் வெட்டினதைச் சரிபார்ப்பது, கோபமாக வருகிற ஆட்களிடம் பொறுமையாக விளக்குவது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990 ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டத்தின்படி சபை ஒரு மரத்துக்குப் பாதுகாப்பு ஆணை போடலாம். போட்டுவிட்டால் தன் சொந்தத் தோட்டத்து மரமானாலும் சபையைக் கேட்காமல் வெட்ட முடியாது. பாதுகாக்கப்பட்ட பழைய நகரப் பகுதி என்றால், ஆணை இல்லாத மரத்துக்கும் 6 வாரம் முன்னதாக அறிவிக்க வேண்டும். அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலம் 1899 இலேயே ஒவ்வோர் ஊருக்கும் இப்படி ஓர் ஆளைக் கட்டாயமாக்கிவிட்டது. அங்கே அவர் பெயர் 'ட்ரீ வார்டன்' (tree warden). ஆக, அளந்து, எழுதி வைத்து, ஒவ்வொரு மரத்துக்கும் பதில் சொல்கிற ஆளுக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

அந்த அமெரிக்கச் சொல்லை வைத்துத்தான் யாழ்ப்பாணத்து அண்ணா 'மரக் காவலர்' என்றார். நல்ல சிறிய சொல், எழுதவும் இலகு. ஆனால் மலையகத்தில் அதை என்னால் எழுத முடியாது. காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் பாட்டி தேயிலை மலையில் கொழுந்தெடுத்தவர். கவ்வாத்து முடிந்த மலையில் மிலாறு, அதாவது வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி, பொறுக்கினால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மழை மாதத்தில் மிலாறு நனைந்து எரியாது. அப்போது காற்றில் முறிந்து விழுந்த சவுக்குக் கொப்பை எடுத்துக் கட்டிக்கொண்டு வருவார். ஒருநாள் லயத்துக்கு, எங்கள் வரிசை வீடுகளுக்கு, ஏறுகிற படிக்கட்டில் தோட்டத்துக் காவக்காரர் மறித்தார். எனக்கு ஏழெட்டு வயது, பாட்டியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டைக் கீழே போடச் சொன்னார். பாட்டி குனிந்து இறக்கும்போது தலையிலிருந்த சும்மாடு அவிழ்ந்து படியில் விழுந்து உருண்டது. காவக்காரர் கயிற்றை அவிழ்த்து, கொப்புகளை ஒவ்வொன்றாக வடிகானுக்குள் எறிந்தார். கயிற்றையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாட்டி சும்மாட்டை மட்டும் எடுத்து உதறி மறுபடி சுற்றிக்கொண்டார். அதன்மேல் வைக்க ஒன்றும் இல்லை.

அந்தத் தோட்டம் எது என்பது இங்கே தேவையில்லை. மரத்துக்குக் காவல் என்றால் மனிதரிடமிருந்து காவல் என்பதுதான் எங்கள் ஆட்களின் அனுபவம். ஊர்ச் சனம் மரத்தோடு சேர்ந்து வாழ உதவ வருகிற ஒருவருக்கு அந்தப் பெயரை வைத்தால், வந்த முதல் நாளே கதவு சாத்தப்படும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவைத் தம்பியின் 'மரம்பேணி' காதுக்கு இனிமை, ஆனால் இலங்கைத் தமிழில் பேணி என்றால் தகர டின், தேத்தண்ணீர் குடிக்கிற குவளை. மரம் ஏறி வேலை செய்கிறவருக்கு ஒருவர் முன்மொழிந்த 'மரமேறி' வேண்டவே வேண்டாம். அது ஒரு சமூகத்தை இழிவுபடுத்தச் சொல்லிவந்த சொல், கலைச்சொல் பட்டியலில் அதற்கு இடம் இருக்கக்கூடாது. 'ஏறுநர்' போதும். பதுளை அக்காவின் 'மரப் பரிசோதகர்' வலுவானது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரை எல்லோருக்கும் தெரியும், அவரைப் போல என்றால் உடனே விளங்கும். ஆனால் பரிசோதகர் வந்தால் கடைசியில் ஒரு நோட்டீஸ் வரும் என்றும் எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சொல்லிலிருந்துதான் எனக்கு வழி கிடைத்தது. புதிதாக ஒரு பதவி வந்தால் சனம் அதை ஏற்கெனவே தெரிந்த ஒருவரின் பக்கத்தில் நிறுத்தித்தான் புரிந்துகொள்ளும். காவக்காரர் பக்கத்திலா, மரக்காலைக்காரர் பக்கத்திலா, பரிசோதகர் பக்கத்திலா? நான் அவரைக் குடும்பநல உத்தியோகத்தர் பக்கத்தில் நிறுத்தப் பார்க்கிறேன். மழையோ பனியோ, லயம் லயமாக நடந்து வருகிற 'மிஸ்'. எந்த வீட்டில் யார் கர்ப்பம், எந்தப் பிள்ளைக்கு நிறை குறைவு, எல்லாம் அவருடைய பதிவேட்டில் இருக்கும். பிறந்த நாளிலிருந்து அட்டையில் புள்ளி வைத்துக்கொண்டே வருவார். தன்னால் முடியாததைக் கண்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். மரத்துக்கும் அப்படி ஒருவர்தான் வேண்டும். நட்ட நாளிலிருந்து விழும் நாள் வரை பெயர் சொல்லிப் பார்க்கிறவர்.

ஆகவே என் முன்மொழிவு: மரநல உத்தியோகத்தர். அவர் செய்வது மரநலம். படிப்புக்கு மரநலவியல்.

"ஆபத்தான மரத்தை வெட்டச் சொல்வதும் அவர்தானே, அது என்ன நலம்" என்று கேட்பீர்கள். 2023 ஒக்டோபர் 6 ஆம் திகதி கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் மேல் மரம் விழுந்து 5 பேர் இறந்தார்கள். அதை மறந்து யாரும் மர நலம் பேச முடியாது. ஆனால் சிக்கலான பிரசவத்தை முன்கூட்டியே கண்டு அனுப்புவதும் மிஸ்ஸின் வேலைதான். ஆபத்தைக் காலத்தோடு காண்பது நலத்துக்கு வெளியே இல்லை.

பார்க்க ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை ஒரு சிறு நகரத்தில் நேரே கண்டேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஜக்கரண்டா. கொப்பு கம்பியில் தட்டுகிறது என்று முறைப்பாடு வந்தது. வீதிக்குப் பொறுப்பானவர்கள், மின்கம்பிக்குப் பொறுப்பானவர்கள், நிலத்துக்குப் பொறுப்பானவர்கள் என்று நான்கு கடிதம் போய்வந்தன. நான்கையும் மொழிபெயர்த்தது நான். கோப்பின் தலைப்பு 'வேறு விடயங்கள்'. கையெழுத்திட்ட ஒருவருடைய பதவிப் பெயரிலும் மரம் இல்லை. கடைசியில் கொந்தரப்புக்கு ஆள் பிடித்து, எல்லாக் கொப்பையும் வெட்டி மொட்டையடித்தார்கள். அடுத்த மழையில் வெட்டின விளிம்பைச் சுற்றித் துடைப்பம் போல நேர்நேராகத் துளிர்கள் கிளம்பின. சனம் "பாருங்க, மரம் நல்லாத் தழைச்சிருச்சி" என்று சந்தோஷப்பட்டது. அந்தத் துளிர்கள் உள்மரத்தில் வேர்பிடித்து வளர்ந்தவை அல்ல, மேல்தோலில் ஒட்டிக்கொண்டு நிற்பவை. மூன்றாம் வருடம் ஜூலைக் காற்றில் ஒன்று கழன்று ஒரு த்ரீவீலரின் கூரைமேல் விழுந்தது. நல்லவேளை உள்ளே ஆள் இல்லை. ஏறிப் பார்த்தபோது பழைய வெட்டுவாய்க்குள் விரல் போகிறது, உள்ளே ஈரமான மண் போல உக்கல்.

இதனால்தான் 'மரக் காயம் ஆறுதல்' என்ற சொல்லையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடக் கேட்கிறேன். அமெரிக்க வன சேவையில் ஆராய்ச்சியாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னது இதுதான்: மரத்தின் காயம் நம் தோலைப் போல ஆறுவதில்லை, மரம் அதைச் சுற்றி உள்ளே சுவர் கட்டி அடைத்துக்கொள்கிறது. அப்படியானால் சொல் 'காயமடைப்பு'. கொப்பு தண்டோடு சேரும் இடத்தில் தடித்த வளையம் ஒன்று இருக்கும், அதைத் தொடாமல் அதற்கு வெளியே வெட்டினால் அடைப்பு நன்றாக நடக்கும். அந்த வளையத்துக்குக் 'கொப்புக் கழுத்து' என்று வைப்போம்.

வெட்டும் வேலைக்கு நம்மிடமே சொல் இருக்கிறது: கவ்வாத்து. தமிழ்நாட்டில் கவாத்து. எங்கள் ஆட்கள் தலைமுறையாகச் செய்துவரும் நுட்பம். வெட்டு சரிவாக இருக்க வேண்டும், தண்ணீர் தங்கக்கூடாது, பட்டை கிழியக்கூடாது என்று கவ்வாத்துக் கத்தி பிடித்த எந்தப் பெரியவரும் சொல்வார். தேயிலைக்கு இவ்வளவு தெரிந்தவர்களின் பிள்ளைகள் நகரத்து மரத்துக்கும் இந்த வேலைக்கு வரலாம் என்பதுதான் எனக்கு ஆசை.

ஹட்டனிலிருந்து.

பதுளை அக்காவின் மறுமடல்:

தம்பி, வாசித்தேன். பாட்டியின் சும்மாட்டுக்காக மட்டும் நான் 'காவலர்' பக்கம் பேசமாட்டேன். 'பரிசோதகர்' என்பதையும் மீளப் பெறுகிறேன். ஆனால் இரண்டு கேள்வி.

உத்தியோகத்தர் என்பது இங்கேதான். தமிழ்நாட்டார் அலுவலர் என்பார்கள். இரண்டு நாட்டுக்கும் ஒரே சொல் வேண்டும் என்று தொடங்கிய விவாதம் இது.

இரண்டாவது, நீங்கள் எழுதியதெல்லாம் கொப்பைப் பற்றி. மலைநாட்டில் மரம் சாவது வேரில். வீதி அகலமாக்க மண்மேட்டை வெட்டும்போது ஒருபக்க வேர் முழுக்கப் போகிறது. மரம் அன்றைக்கு விழாது, இரண்டு மழைக்குப் பிறகு விழும். அப்போது காற்றின் மேல் பழி போடுவார்கள். வேருக்கு ஒரு சொல் வேண்டாமா?

அப்புறம், உங்கள் மடலில் 'சவுக்கு' என்று வருகிறதே. நமக்கு அது தேயிலைக்கு நிழல் கொடுக்கிற மரம், சிங்களத்தில் சபுக்கு. யாழ்ப்பாணத்துத் தம்பிக்கும் சென்னை ஐயாவுக்கும் கடற்கரையில் நிற்கிற ஊசியிலைச் சவுக்குத்தான் மனதில் வந்திருக்கும். உங்கள் மரநல உத்தியோகத்தரின் பதிவேட்டில் எதை எழுதுவார்?

ஹட்டன் பதில்:

அக்கா, நன்றி. முதலாவதற்கு: 'மரநல' என்ற பகுதி பொதுவாக இருக்கட்டும். இங்கே உத்தியோகத்தர், அங்கே அலுவலர். குடும்பநலம் இரண்டு பக்கமும் இருக்கிறது, அதைப் பார்க்கிறவரின் பதவிப் பெயர்தான் வேறு. இதற்கும் அது போதும்.

வேரை நான் விட்டது பிழைதான். பிரித்தானியத் தரநிலை 5837 இல் ஒரு கணக்கு இருக்கிறது: தரையிலிருந்து 1.5 மீற்றர் உயரத்தில் தண்டின் விட்டத்தை அளந்து 12 ஆல் பெருக்கினால், அதுதான் வேலிபோட்டுக் காக்க வேண்டிய வட்டத்தின் ஆரை. விட்டம் 50 சென்ரிமீற்றர் என்றால் சுற்றிவர 6 மீற்றருக்குத் தோண்டக்கூடாது. இதற்கு 'வேர்க்காப்பு வட்டம்'. சரிவில் வேர் வட்டமாகவா ஓடும் என்று நீங்கள் கேட்பீர்கள். ஓடாது. அங்கே எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று நின்று பார்த்து முடிவெடுக்கத்தான் ஆள் வேண்டும்.

சவுக்கு விஷயம் முக்கியம். பதிவேட்டில் ஊர்ப் பெயரும் தாவரவியல் பெயரும் இரண்டுமே இருக்க வேண்டும். இங்கே சவுக்கு என்றால் கிரெவில்லியா ரொபஸ்டா, அங்கே கசுவரினா. அந்தப் பதிவுக்கு 'மர அட்டை' என்று பெயர் வைக்கிறேன், பிள்ளையின் வளர்ச்சி அட்டை மாதிரி.

வகுப்பில் ஒரு பிள்ளை, முன்வாங்கில் இருந்தவள், முடிந்த பிறகு வந்து கேட்டாள்: "சேர், இதுக்கு எங்க படிக்கணும்?" இலங்கையில் இந்தப் பதவிப் பெயரோடு ஒரு வேலையை நான் இன்னும் கண்டதில்லை என்பதை மறைக்காமல் சொன்னேன். ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் வனவியல், சுற்றாடல் விஞ்ஞானத் துறை இருக்கிறது, பேராதனையில் விவசாய பீடம் இருக்கிறது, நுவரெலியாவிலேயே வன இலாகாவின் பயிற்சி நிறுவனம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். தாளின் மேலே தலைப்பு போட இடம் விட்டிருந்தேன். வருகிற சனிக்கிழமை மறுபடி அங்கே போகிறேன். வெள்ளிக்குள் யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் 'மரநல உத்தியோகத்தர்' என்றே அதில் எழுதுவேன்.