பி.பி. பார்க்கும்போது முதல் சத்தம் கேட்பதில்லை, உதவுங்கள்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சிங் உதவியாளர் பயிற்சி, இது மூன்றாவது மாதம். டயல் வைத்த பி.பி. கருவியில் இளவயதுக்காரர்களுக்குச் சரியாக எடுக்கிறேன். வயதானவர்களிடம்தான் தவறுகிறது.

போன வாரம் ஒரு பாட்டிக்கு மேல் அளவை (காற்றை இறக்கும்போது ஸ்டெத்தில் முதல் சத்தம் கேட்கும் இடம்) 130 என்று எழுதினேன். சிஸ்டர் பார்த்தபோது 160. நல்லவேளை, அதை வைத்து மாத்திரையை மாற்றவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

மணிக்கட்டில் நாடி மறையும் அளவைப் பார்த்து, அதற்கு மேல் 30 ஏற்றிவிட்டுத்தான் இறக்குகிறேன். நொடிக்கு 2 அளவில் மெதுவாகத்தான் விடுகிறேன். கை இதய மட்டத்தில், கஃப் (கையில் சுற்றும் காற்றுப் பட்டை) முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, ஸ்டெத்தின் காது முனைகள் முன்பக்கம் பார்த்து. சிஸ்டரின் ஸ்டெத்தை வாங்கியும் பார்த்துவிட்டேன், அதே கதை. நாடி 160 பக்கம் மறைகிறது, சத்தம் மட்டும் 130க்கு வந்த பிறகுதான் எனக்குக் கேட்கிறது. அப்புறம் கடைசி வரை தெளிவாக இருக்கிறது.

இரண்டு வாரத்தில் செய்முறைத் தேர்வு. வார்டில் அனுபவம் உள்ள அக்கா, அண்ணன்மாரே, வயதானவர்களிடம் அந்த முதல் சத்தத்தைப் பிடிக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?