ஏசிபி போர்ட்டைப் பகிரும் ஆக்ஸிலரேட்டரில் பழைய கேஷ் தரவு: உதவி தேவை

நண்பர்களே, மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். போர்டில் உள்ள சிப் ஸின்க்-7020 (பிராசஸரும், நாமே சர்க்யூட் வடிவமைக்கும் லாஜிக் பகுதியும் சேர்ந்தது): இரண்டு கார்டெக்ஸ்-ஏ9 கோர், தலா 32 கேபி எல்1 டேட்டா கேஷ் (மெமரித் தரவின் நகலை கோருக்கு அருகில் வைக்கும் வேகமான சேமிப்பு), இரண்டுக்கும் பொதுவாக 512 கேபி எல்2 கேஷ். லினக்ஸ் ஓடுகிறது. எஃப்எஃப்டி (சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு), ஃபில்டர் என லாஜிக் பகுதியில் இரண்டு ஆக்ஸிலரேட்டர்கள்; இரண்டும் ஒரே ஏசிபி போர்ட்டைப் (கோர்களின் கேஷோடு ஒத்துப்போகும்படி மெமரியை அணுகும் வாசல்) பகிர்கின்றன.

எஃப்எஃப்டி விடை எப்போதும் சரி. ஃபில்டர் எழுதிய 64 கேபி பஃபரைப் படித்தால் நடுநடுவே முந்தைய சுற்றின் மதிப்புகள். தவறும் துண்டு ஒவ்வொன்றும் சரியாக 32 பைட், அதாவது ஒரு கேஷ் லைன்.

படிக்கும் முன் சம்பந்தமில்லாத 1 எம்பி அரேயை ஒருமுறை படித்தால் பிழை மறைகிறது. ஆக மெமரியில் தரவு சரி, கேஷில்தான் பழையது. எச்பி போர்ட்டுக்கு (கேஷைத் தொடாமல் நேராக மெமரிக்குப் போகும் வாசல்) மாற்றி ஒவ்வொரு முறையும் கேஷை இன்வாலிடேட் செய்தேன் (அதிலுள்ள பழைய நகலைச் செல்லாததாக்கினேன்). விடை சரி, ஆனால் ஆக்ஸிலரேட்டரால் மிச்சமான நேரமெல்லாம் அதிலேயே போகிறது. கேஷ் இல்லாத பஃபர் இன்னும் மோசம். பஃபரை 32 பைட் எல்லையில் வைத்தும், டிவைஸ் ட்ரீயில் (லினக்ஸுக்கு ஹார்டுவேரை விவரிக்கும் கோப்பு) கோஹெரண்ட், அதாவது கேஷோடு ஒத்துப்போவது, என்று குறித்தும் மாற்றமில்லை.

ஃபில்டர் பக்கம் ஆக்ஸ்கேஷ், ஆக்ஸ்யூசர் பிட்களை (கேஷோடு ஒத்துப்போக வேண்டும் என்று ஒவ்வொரு கோரிக்கையோடும் சொல்லும் சிக்னல்கள்) வைத்திருக்கிறேன். இரண்டு ஆக்ஸிலரேட்டர்களையும் போர்ட்டோடு இணைக்கும் நடுவிலுள்ள இன்டர்கனெக்ட் அவற்றை விழுங்குகிறதோ என்று சந்தேகம். அந்த பிட்கள் ஏசிபி வாசல்வரை அப்படியே வருகின்றனவா என்பதை ஓடும் போர்டிலேயே எப்படிப் பார்ப்பது?