அடையை விட்டு எழவே மாட்டேங்குது: வாங்கின குஞ்சைக் கோழிக்கு அடியில வைக்கலாமா?

மாடிக்கூடு (ராமமூர்த்தி நகர், பெங்களூரு)

எல்லாருக்கும் வணக்கம். எங்க மொட்டை மாடியில நாலு கோழி இருக்கு, நாலும் பெட்டை. சேவல் வச்சுக்கிறதில்ல. விடியற்காலைல கூவுற சத்தம் கீழ்வீட்டு கன்னடப் பாட்டிக்கு, அதான் அஜ்ஜிக்கு, ஆகாது, "ஹுஞ்ச பேடம்மா" (சேவல் வேண்டாம்மா)ன்னு கண்டிப்பா சொல்லித்தான் கூடு வைக்கவே விட்டாங்க.

அதுல கருப்பின்னு ஒண்ணு, அக்கா கிருஷ்ணகிரியில இருந்து பஸ்ல மடியிலயே வச்சுக் கொண்டுவந்த நாட்டுக்கோழி. அது இப்போ அடைக்கு உட்கார்ந்துடுச்சு. முட்டையை எடுத்தாலும் வெறும் வைக்கோல் மேலயே கிடக்கு. கையை நீட்டினா உடம்பை உப்பிக்கிட்டு உறுமுது. அடை கலையணும்னா தண்ணியில முக்கு, மூக்குல இறகைக் குத்தி விடுன்னு அம்மா ஃபோன்லயே வைத்தியம் சொல்றாங்க. எனக்கு மனசு வரல. சேவல் இல்லாததால முட்டை எல்லாம் பொரிக்காது. அதனால ஹெப்பாள் பக்கம் ஒரு நாள் வயசு கிரிராஜா இனக் குஞ்சு வாங்கி அதுக்கு அடியில வச்சா தாயா ஏத்துக்குமா, இல்ல கொத்திக் கொன்னுடுமா? பகல்ல வைக்கணுமா, ராத்திரியா? எத்தனை வைக்கலாம்? பையன் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் பார்த்த கலர் குஞ்சுதான் வேணும்னு அடம் பிடிக்கிறான், அது சரிவருமா?

ஓசூர்_தோட்டம்

ராத்திரிதான் வைக்கணும். பகல்ல வச்சா அதுவே கண்ணால பார்த்து எண்ணிக்கிட்டு உட்காரும். கலர் குஞ்சு வேண்டவே வேண்டாம். அது பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைக்காரங்க வேண்டாம்னு கழிக்கிற சேவல் குஞ்சு. சாயம் முக்கி, வெயில்ல வச்சு விக்கிறாங்க. எத்தனை நாள் குஞ்சுன்னும் தெரியாது. பிழைச்சாலும் எல்லாம் கூவும், அப்புறம் அஜ்ஜி உங்களைக் கூவுவாங்க.

ஜாலஹள்ளி_பெருசு

அம்மா, மூக்குல இறகு குத்தாதது நல்ல காரியம்.

முதல்ல அது நெசமாவே அடையான்னு பாரு. மத்த கோழி எல்லாம் கொம்புல ஏறித் தூங்குறப்ப இது கூடையிலயே கிடக்கணும். வயித்தடியில தடவினா இறகு உதிர்ந்து தோல் சுடச்சுட இருக்கணும். நாளைக்கு ஒரு தரம் இறங்கி, ஊரே நாறுற மாதிரி பெருசா ஒரு எச்சம் போட்டு, அள்ளித் தின்னுட்டு ஓட்டமா திரும்பி வரணும். இதெல்லாம் இருந்தா அடைதான். இப்போதைக்கு ரெண்டு பிளாஸ்டிக் முட்டையை அடியில வச்சு உட்கார விடு. பொரிக்க 21 நாள்னாலும் கோழி காலண்டர் பார்க்கிறதில்ல. ரெண்டு வாரம் நிலையா உட்கார்ந்திருந்தாலே பெரும்பாலும் ஏத்துக்கும். நேத்து உட்கார்ந்த கோழிக்கு இன்னிக்குக் குஞ்சு வைக்கிறதுதான் வம்பு. மூணு வாரத்துக்கு மேலயும் இழுக்காத, சரியாத் தின்னாம நெஞ்செலும்பு துருத்திக்கும்.

குஞ்சு ஒரு நாள், ரெண்டு நாள் வயசுல இருக்கணும், மூணு நாளுக்கு மேல வேண்டாம். எல்லாரும் கோழியைப் பத்தியே கவலைப்படுறாங்க, பாதி விஷயம் குஞ்சுகிட்டதான் இருக்கு. பொரிஞ்ச முதல் ரெண்டு மூணு நாள்ல எது பின்னால போகணும்னு அதோட மண்டையில பதிஞ்சுடும். பல்பு வெளிச்சத்துல ஒரு வாரம் வளர்ந்த குஞ்சுக்குத் தாயோட குரலும் தெரியாது, இறக்கைக்குள்ள புகவும் தெரியாது. கோழியைப் பார்த்து மிரண்டு ஓடும். தன் குரலுக்கு வராத குஞ்சைக் கோழி எதிரின்னு நினைச்சுக் கொத்தும்.

வைக்கிற முறை சொல்றேன். குஞ்சு வர்றதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே கோழியைத் தனி இடத்துக்கு மாத்து, அதுவும் ராத்திரியில. புது இடத்துலயும் அடையில நிலைச்சுதான்னு பார்த்துட்டுக் குஞ்சு வாங்கு. அதுக்கும் முன்னாடி இறக்கைக்கு அடியில பேன், செல்னு சொல்ற பொடிப்பூச்சி இருக்கான்னு பிரிச்சுப் பாரு. அடைக்கோழி மண்ணுல புரளாம கிடக்கிறதால அதுல இதெல்லாம் பெருகிக் கிடக்கும், குஞ்சு மேல ஏறினா சோர வச்சிடும். ஒரு தட்டுல மணலும் விறகுச் சாம்பலும் கலந்து வச்சா தானே புரண்டுக்கும்.

ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கு மேல விளக்கை அணைச்சுட்டுப் போ. மூஞ்சியில டார்ச் அடிக்காத. பின்பக்கமா கையை விட்டு ஒரு முட்டையை எடு, அதே இடத்துல ஒரு குஞ்சை விடு. முட்டை ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது, மிஞ்சினா அது முட்டையே கதின்னு உட்கார்ந்திருக்கும். குஞ்சோட கத்தலும், வெறும் வயித்துல அது வந்து ஒட்டுற சூடும் பட்டவுடனே கோழிக்குக் குணம் மாறும். தொண்டைக்குள்ளயே "கொக்... கொக்"னு மெதுவா ஒரு சத்தம் வரும். அது கேட்டா நீ போய்த் தூங்கலாம்.

ஆனா விடியறதுக்கு முன்னாடி எழுந்து போய் உட்கார்ந்துக்கோ. ஏத்துக்குதா இல்லையான்னு முதல் வெளிச்சத்துலதான் தெரியும். லேசா ஒரு தட்டு தட்டி உள்ள தள்ளுச்சுன்னா அது கண்டிப்பு, விட்டுடு. தலையையும் கண்ணையும் குறி வச்சுக் கொத்துது, குஞ்சைத் தூக்கி எறியுதுன்னா உடனே எடுத்துடு. அன்னிக்கு ராத்திரி திரும்ப ஒரு தரம் வச்சுப் பாரு. அப்பவும் அதே கதைன்னா அந்தக் கோழி ஒத்துக்காது. அதனால எதுக்கும் ஒரு அட்டைப்பெட்டியும் பல்பும் தயாரா இருக்கட்டும். முதல் வாரம் குஞ்சுக்கு 35 டிகிரி சூடு வேணும், நம்ம ஊர்ல மார்கழி ராத்திரி 15-க்குப் போகுது.

இந்தக் குளிரை வச்சுத்தான் கணக்கும். ஊர்ல பத்துப் பன்னெண்டு குஞ்சோட கோழி திரியும், அது நாட்டுக்குஞ்சு. கிரிராஜா ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி உருவாக்கின இனம், சீக்கிரம் உடம்பு போடும். ரெண்டாவது வாரமே இறக்கைக்கு வெளிய பிதுங்கி நிக்கும். ஆறு வை, மிஞ்சினா எட்டு.

கே.ஆர்.புரம்_கீரைக்காரி

பெரியவர் சொன்னதோட ரெண்டு விஷயம். ஒண்ணு, கூட்டுக்கு அடிக்கிற கம்பிவலை அரை அங்குலக் கண்ணா இருக்கட்டும். பெரிய கண் வலையில குஞ்சு வெளிய வந்துடும், பெருச்சாளி உள்ள போயிடும். நம்ம ஊர் மாடிக்குப் பருந்தும் வரும், மேல மூடாம பகல்ல விடாதீங்க.

இன்னொண்ணு, யாரும் கேக்கலயே: ஆறு வாங்கினா பாதி சேவலா இருக்குமே? நாலஞ்சு மாசத்துல கூவ ஆரம்பிச்சுடும். அஜ்ஜிக்கு என்ன பதில்?

மாடிக்கூடு

சேவலைப் பிரிச்சு அக்கா வீட்டுக்கு அனுப்புறதா பேசியாச்சு. அவங்களுக்குப் பொங்கலுக்கே கண்ணு.

குஞ்சு வந்துடுச்சு, ஆறு. ஐயா சொன்ன மாதிரியே ராத்திரி வச்சேன். முதல் குஞ்சு உள்ள போனதும் கருப்பி என் மணிக்கட்டை ஒரு போடு போட்டுச்சு, குஞ்சை ஒண்ணும் பண்ணல. நாலாவதுக்கே அந்தக் "கொக் கொக்" வந்துடுச்சு. காலைல குஞ்சுத்தீவனத்தை அலகால எடுத்து எடுத்துக் கீழ போட்டு எல்லாத்தையும் கூப்பிடுது. ஒரே ஒரு மஞ்சக் குஞ்சை மட்டும் ரெண்டு தரம் தட்டுச்சு, அதுவும் நின்னுடுச்சு. அஜ்ஜி மேல ஏறி வந்து முக்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறாங்க.

இப்போ கேள்வி: கருப்பிக்கு முட்டைக்கோழித் தீவனமும் குஞ்சுக்குத் தனித் தீவனமும் வைக்கணுமா? தடுப்பூசி எப்போ?

ஜாலஹள்ளி_பெருசு

எல்லாத்துக்கும் குஞ்சுத்தீவனமே போடு. கருப்பி இப்போ முட்டை போடாது, அதுக்கு அது போதும். முட்டைக்கோழித் தீவனத்துல சுண்ணாம்புச் சத்து அதிகம், குஞ்சு தின்னா சிறுநீரகம் கெடும். தண்ணித் தட்டுல கூழாங்கல் போட்டு வை, விழுந்தாலும் முங்காது.

ராணிகெட் நோய்க்கு, அதான் வெள்ளைக்கழிச்சல், ஏழு நாளுக்குள்ள லசோட்டாங்கிற தடுப்பு மருந்து ஒரு சொட்டு கண்ணுல விடணும். பதினாலாம் நாள் கம்போரோங்கிற நோய்க்கான தடுப்பு மருந்து. குப்பி நூறு கோழிக்கு மேல வரும், ஐஸ்ல வச்சுத்தான் கொண்டுவரணும், கலக்கின ரெண்டு மணி நேரத்துக்குள்ள தீர்த்துடணும். உன் ஆறு குஞ்சுக்கு ஒரு குப்பி உடைக்கிறது வீண். கே.ஆர்.புரத்தம்மா வீட்டுலயும் குஞ்சு இருந்தா ஒரே நாள்ல போட்டுக்கோங்க.

கே.ஆர்.புரம்_கீரைக்காரி

எங்க வீட்டுல ஒன்பது இருக்கு, வர்ற ஞாயித்துக்கிழமை அஞ்சாம் நாள். காலைல ஏழு மணிக்குள்ள வாங்க. குஞ்சை மட்டும் கூடையில கொண்டாங்க, கருப்பி வேண்டாம், எங்க கோழி சண்டைக்காரி.