கிரேடு 2 முடிந்ததும் பியானோவை விட்டுவிடும் பிள்ளைகள்: என்ன செய்யலாம்?

ஸ்டூடியோ_கோவை:

வணக்கம். வீட்டு முன்னறையில் பியானோ வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகளுக்கு 6 முதல் 12 வயது. வாரம் ஒரு வகுப்பு, 45 நிமிடம். முதல் வருஷம் ஆசையாக வருகிறார்கள். கிரேடு 2 (இசைத் தேர்வின் இரண்டாம் படி) சர்டிபிகேட் கைக்கு வந்ததும் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். மிச்சம் இருப்பவர்களும் வீட்டில் பியானோவைத் தொடுவதில்லை. ஸ்டிக்கர் சார்ட், ‘தினம் 20 நிமிடம்’ என்று எழுதி அம்மாவிடம் கையெழுத்து வாங்கும் நோட்டு எல்லாம் இருக்கிறது, பலன் இல்லை. பிப்ரவரி வந்தால் ஸ்கூல் பரீட்சை என்று இரண்டு மாதம் வராமல் போகிறார்கள், அந்த மாதங்களுக்கு ஃபீஸும் கிடையாது. கிரேடு பரீட்சையை நிறுத்திவிடலாம் என்றால் பெற்றோர் முதலில் கேட்பதே அதைத்தான். எதிலிருந்து சரிசெய்ய ஆரம்பிப்பது?

எண்பத்தெட்டு:

பரீட்சையை நிறுத்த வேண்டாம் மேடம். வருஷம் முழுக்க பரீட்சைக்காகவே ஓடுவதை நிறுத்துங்கள். ஒரு கிரேடுக்கு மூன்று பீஸ் (வாசித்துக் காட்டும் இசைத் துண்டு). அந்த மூன்றையே பத்து மாதம் வாசித்தால் எந்தப் பிள்ளைக்கும் சலிக்கும். அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. மூன்றையும் விரல் மனப்பாடம் செய்துவிடுகிறதே தவிர, நோட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதிய இசைக்குறி) படிக்கும் திறன் வளர்வதில்லை. கிரேடு 3 புத்தகத்தைத் திறந்ததும் முதல் வரியையே படிக்க முடியாது. பிள்ளை நிற்கும் இடம் அதுதான். சர்டிபிகேட் கிடைத்துவிட்டது என்பதற்காக யாரும் நிற்பதில்லை.

ஏபிஆர்எஸ்எம் (பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்பு) நேரடித் தேர்வின் மார்க் கணக்கைப் பெற்றோருக்குக் காட்டுங்கள். மொத்தம் 150, பாஸ் 100. பீஸ் ஒன்றுக்கு 30 வீதம் மூன்றுக்கும் 90. மூன்றையும் குறையே இல்லாமல் வாசித்தாலும் அதை மட்டும் வைத்துப் பாஸ் ஆக முடியாது. ஸ்கேலுக்கு (ஸ்வர வரிசை) 21, சைட் ரீடிங்குக்கு (முன்பு பார்க்காததைப் பார்த்தவுடன் வாசிப்பது) 21, ஆரலுக்கு (காதால் கேட்டுப் பதில் சொல்வது) 18. மீதியைக் கொடுப்பது நாம் வகுப்பில் தள்ளிப்போடும் இந்த மூன்றும்தான். மேடையில் நன்றாக வாசிக்கும் பிள்ளைக்கு 2020-இல் வந்த பெர்ஃபாமன்ஸ் கிரேடு பொருந்தும். வீடியோ பதிவு செய்து அனுப்புவது அது. நான்கு பீஸ், அதில் ஒன்று நம் விருப்பம். மொத்த வாசிப்புக்கு என்று தனியாக 30 மார்க்.

பரீட்சை பீஸைக் கடைசி 10–12 வாரத்தில் மட்டும் கையில் எடுங்கள். மற்ற மாதங்களில் எப்போதும் மூன்று அளவு பீஸ் கையில் இருக்கட்டும்: 6–8 வாரம் பிடிக்கும் கஷ்டமானது ஒன்று, இரண்டு மூன்று வாரத்தில் முடியும் நடுத்தரம் ஒன்று, ஒரே வாரத்தில் முடியும் எளியது ஒன்று. எளியது பிள்ளையின் கிரேடுக்கு இரண்டு படி கீழே இருக்க வேண்டும். இப்படிப் போனால் வருஷத்துக்கு முப்பதுக்கு மேல் பீஸ் முடிந்துவிடும், சைட் ரீடிங்கும் கூடவே தேறும்.

படிக்கும் திறனைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. எந்த விரலால் வாசிப்பது என்று காட்டும் விரல் எண்களை ரப்பரால் அழித்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால், பிள்ளை இதுவரை படித்தது இசைக்குறியை அல்ல, எண்ணை. சி பொசிஷனிலேயே (வலது கட்டைவிரல் சி கீயில், மற்ற விரல்கள் அடுத்தடுத்த கீயில்) மாதக்கணக்கில் வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும். அதே டியூனை ஜி பொசிஷனுக்கு மாற்றி வாசிக்க வையுங்கள். மிடில் சி (கீபோர்டின் நடு சி), பேஸ் க்ளெஃபின் (கீழ் ஸ்வரங்களுக்கான கோடுகள்) எஃப், ட்ரெபிள் க்ளெஃபின் (மேல் ஸ்வரங்களுக்கான கோடுகள்) ஜி மூன்றையும் அடையாளமாகப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து மேலே எத்தனை படி, கீழே எத்தனை படி என்று பார்க்கப் பழக்குங்கள். இசைக்குறிக்கு அடியில் எழுத்தோ ச-ரி-க-வோ எழுதித் தருவதை இன்றே நிறுத்துங்கள். எழுதியிருந்தால் கண் அங்கேதான் போகும்.

நிதானம்:

மேலே சொன்னது சரி. ஆனால் வீட்டில் தொடாமல் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஆசைக் குறைவு அல்ல. என்ன செய்வது என்று தெரியாததுதான். ‘20 நிமிடம்’ என்று சொன்னால் பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தபடி பீஸை முதலிலிருந்து கடைசி வரை ஓட்டும். தப்பு வந்ததும் மறுபடி முதலுக்கு ஓடும். அதனால் முதல் நான்கு பார் (தாளக் கட்டம்) பளிச்சென்று இருக்கும், கடைசி வரி எப்போதும் தடுக்கும்.

பீஸைப் பென்சிலால் நான்கு நான்கு பாராகப் பிரித்து அ, ஆ, இ, ஈ என்று பெயர் வையுங்கள். கடைசிப் பகுதியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். வாசிக்க வாசிக்கத் தெரிந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதால் தைரியம் கூடும். வீட்டு நோட்டில் நேரத்தை எழுதாமல் வேலையை எழுதுங்கள்: “ஈ பகுதி, இடது கை மட்டும், மெட்ரோனோம் (தாளக் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டு, தப்பில்லாமல் தொடர்ந்து மூன்று முறை. பிறகு 64.” ஆறு ஏழு வயதுக்கு இப்படி இரண்டு வேலை போதும், பத்து நிமிடத்துக்குள் முடியும். ஸ்டிக்கர் வேண்டுமென்றால் நிமிடத்துக்குக் கொடுக்காதீர்கள், வாரத்தில் நான்கு நாள் உட்கார்ந்ததற்குக் கொடுங்கள். ஏழு நாள் என்று வைத்தால் ஒரு நாள் தவறியதும் அந்த வாரத்தையே கைவிட்டுவிடுவார்கள்.

முக்கியமான ஒன்று. வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில், வீட்டில் எப்படிச் செய்ய வேண்டுமோ அப்படியே உங்கள் எதிரில் ஒரு தடவை செய்ய வையுங்கள். நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். எங்கே குழம்புகிறதோ, வீட்டிலும் அங்கேதான் நிற்கும்.

இன்னொன்று, வீட்டில் என்ன வாத்தியம் இருக்கிறது என்று கேட்டீர்களா? டச் ரெஸ்பான்ஸ் இல்லாத 61 கீ கீபோர்டில் மெதுவாகத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் ஒரே சத்தம்தான். அதில் பழகிவிட்டு உங்கள் பியானோவில் உட்கார்ந்தால் விரலுக்குப் பலமும் இருக்காது, ஏற்ற இறக்கமும் வராது. ‘வீட்டில் நன்றாக வாசித்தேனே’ என்று பிள்ளை சொல்வது பொய் இல்லை. ஆறு மாதம் தாக்குப் பிடித்தால் 88 கீ வெயிட்டட் (பியானோ போலக் கீ கனமாக இருக்கும்) டிஜிட்டல் பியானோ வாங்க வேண்டியிருக்கும் என்று சேரும்போதே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். உட்காரும் உயரமும் கவனிக்க வேண்டியது: முழங்கை கீ மட்டத்தில் இருக்க வேண்டும், கால் தொங்கக் கூடாது. பிளாஸ்டிக் சேரில் உட்கார்த்தினால் சின்னப் பிள்ளைக்கு முழங்கை கீழே இறங்கி, மணிக்கட்டு மடங்கி, பத்து நிமிடத்தில் கை வலிக்கும். உறுதியான மெத்தைப் பலகை ஒன்று, காலுக்கு மணை ஒன்று. அவ்வளவுதான் செலவு.

கறுப்புக்கட்டை:

வாசிக்கிற இசை பிள்ளையின் காதுக்குச் சொந்தமாக இல்லை என்பதையும் யோசிக்க வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டு வளர்வது வேறு. முதல் மாதத்திலிருந்தே வகுப்பில் ஐந்து நிமிடம் இம்ப்ரொவைசேஷனுக்கு (அப்போதைக்கப்போது கற்பனையாக வாசிப்பது) ஒதுக்குங்கள். கறுப்பு கீ மட்டும். எஃப் ஷார்ப்பை (எஃப் கீக்கு வலப்பக்கக் கறுப்பு கீ) சட்ஜமாக வைத்தால் மோகனம். நீங்கள் கீழே எஃப் ஷார்ப்–சி ஷார்ப் மாற்றி மாற்றிப் பிடியுங்கள், பிள்ளை மேலே எந்தக் கறுப்பு கீயைத் தொட்டாலும் அபஸ்வரம் வராது. அதே ஐந்து கீயில் சட்ஜத்தை நகர்த்தினால் ஜி ஷார்ப்பில் மத்யமாவதி, ஏ ஷார்ப்பில் ஹிந்தோளம், சி ஷார்ப்பில் சுத்த சாவேரி, டி ஷார்ப்பில் சுத்த தன்யாசி. ஹிந்தோளத்தில் பஞ்சமம் கிடையாது, அதற்கு மட்டும் ஏ ஷார்ப்–டி ஷார்ப் பிடியுங்கள். ஒரே கீகளில் மனநிலை மாறுவதைக் கேட்டதும் பிள்ளையின் முகம் மாறும். ஸ்கேல், டோனிக் (ஸ்கேலின் சட்ஜம்) எல்லாம் இதிலிருந்தே சொல்லிக் கொடுக்கலாம்.

சினிமாப் பாட்டு கேட்பார்கள், தாராளமாகக் கொடுங்கள். கமகம் அதிகமான பாட்டு பியானோவில் எடுபடாது; படிப்படியாக நகரும் மெட்டாகப் பார்த்து எடுங்கள். இடது கைக்கு ரூட்டும் (கார்டின் அடிப்படை ஸ்வரம்) அதிலிருந்து ஐந்தாவது ஸ்வரமும் போதும். எட்டு பார் பல்லவியை நீங்களே நோட்டேஷனில் எழுதித் தாருங்கள். கலர் பட்டை மேலிருந்து விழும் வீடியோவைப் பார்த்துக் கற்க விட்டால் எண்பத்தெட்டு சார் சொன்ன படிக்கும் திறன் மொத்தமாகப் போய்விடும்.

ஸ்டூடியோ_கோவை:

மூவருக்கும் மிக்க நன்றி. விரல் எண்ணை அழித்துப் பார்த்தேன், நாலு பிள்ளைகளில் மூன்று பேர் தடுமாறினார்கள். பிப்ரவரி லீவுக்கும் ஃபீஸுக்கும் வழி சொல்ல முடியுமா?

எண்பத்தெட்டு:

மாதக் கணக்கை விட்டு டேர்ம் கணக்குக்கு மாறுங்கள். மூன்று மாதத்துக்கு 11 வகுப்பு, முன்பணம். 13 வாரத்தில் ஒன்று பண்டிகைக்கு, ஒன்று உங்கள் கையிருப்பு. பிள்ளை தவறவிட்ட வகுப்புக்குத் தனித்தனியாக ஈடு கொடுக்க ஆரம்பித்தால் உங்கள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். டேர்முக்கு ஒரு கூட்டு வகுப்பு வைத்து, 24 மணி நேரம் முன்பே சொன்னவர்களை அதில் சேருங்கள். ஆரல், ரிதம் கைதட்டல், இருவர் சேர்ந்து வாசிக்கும் டூயட் எல்லாம் அங்கே நடத்தலாம்.

பிப்ரவரி–மார்ச்சில் வகுப்பை நிறுத்தாமல் சுமையைக் குறையுங்கள். புதுப் பீஸ் வேண்டாம், ஸ்கேல் வேண்டாம். ஏற்கனவே முடித்த பீஸில் பிடித்த ஐந்து, வகுப்பு 30 நிமிடம், வீட்டு வேலை எதுவும் இல்லை. மார்ச் கடைசியில் வீட்டிலேயே ஆறேழு பிள்ளைகளோடு ஒரு சின்னக் கச்சேரி. அதற்கு எடுக்கும் பீஸ் மூன்று வாரம் முன்பே தயாராக இருக்க வேண்டும், கிரேடு ஒரு படி கீழே இருக்க வேண்டும். புதிய விதியை நடுவில் புகுத்தாதீர்கள். ஜூனில் ஸ்கூல் திறக்கும்போது ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள்.