டீக்கடைக் கணக்கு

குழு: தாராவி 90 அடி ரோடு சொந்தங்கள்

கார்த்தி, 8:41: பொங்கல் மலருக்குக் கதை முடிச்சாச்சு. மேல பிடிஎஃப் போட்டிருக்கேன். மூஞ்சிக்காகச் சொல்லாதீங்க 🙏

செல்வம் அண்ணாச்சி, 9:20: படிச்சேன் தம்பி. சண்டை ஜோரு. ஆனா மாரி அஞ்சு லட்சத்துக்குத் தன் தாதாவை, அந்தப் பாயை, போலீஸ்ல காட்டிக் குடுத்தான்னு எழுதிருக்க பாரு, அது ஒட்டல.

கார்த்தி: போலீசுக்குத் துப்பு குடுக்கிற கபரின்னா காசுக்குத்தானே அண்ணாச்சி?

செல்வம் அண்ணாச்சி: கபரி வேற, கூட இருந்தவன் வேற. கபரி பான் கடையில நிப்பான், அவனை ஒருத்தனும் நம்புறதில்ல. நம்பாதவன் எப்படிப்பா துரோகம் பண்ணுவான்? மாரி பாய் வீட்டுச் சோறு தின்னவன்.

பேச்சியம்மா சித்தி: 🎤 2:14

கார்த்தி: சித்தி, ரயில்ல நசுங்கிட்டு நிக்கேன். இப்பதான் பரேல். டைப் பண்ணுங்க.

பேச்சியம்மா சித்தி: சரில. மாரி ஒன்றரை வருசம் ஆர்தர் ரோடு ஜெயில்ல கிடந்தான்னு நீயே எழுதிருக்க. அப்போ அவன் பொண்டாட்டிக்கு வாடகை குடுத்தது யாரு? பிள்ளைக்குப் பீஸ் கட்டினது யாரு? அதை எழுதல. பாய் ரெண்டு மாசம் குடுத்துட்டு நிறுத்திருந்தா, முதல் துரோகி யாருல?

முருகன்: சித்தி 🔥🔥

முருகன்: 'நாயகன்'ல வேலு நாயக்கரைக் கடைசில சுடுறதும் அவர் ஆதரிச்ச பையன்தானே. அவர் கொன்ன இன்ஸ்பெக்டரோட மகன்.

பேச்சியம்மா சித்தி: அது துரோகம் இல்லல. அப்பன் ரத்தம்.

ராணி அக்கா: கோர்ட்ல இருபது வருசமா வக்கீலுக்கு டைப் அடிக்கிறவ சொல்றேன். மாரி போன் போட்டுச் சொல்லவே வேண்டாம். மக்கோகா, அதான் மகாராஷ்டிராவுல தாதா கும்பலுக்குன்னு இருக்கிற சட்டம், அந்தக் கேஸ்ல டிசிபி (போலீஸ் துணை கமிஷனர்) முன்னாடி குடுத்த வாக்குமூலமே கோர்ட்ல சாட்சி. கூட மாட்டினவனுக்கு எதிராவும் எடுப்பாங்க. சாதாரண கேஸ்ல போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டதுன்னா நிக்காது.

கார்த்தி: அக்கா செம. ஒரு கையெழுத்துல முடிச்சிரலாம்!

ராணி அக்கா: உன் கதை நடக்கிறது 1995. சட்டம் வந்தது 1999 😄

கார்த்தி: ஐயோ. 2001னு மாத்திடுறேன்.

செல்வம் அண்ணாச்சி: வருசத்தை விடு, இதைக் கேளு. எங்கப்பா டீக்கடையில ஒரு தாதாவோட பசங்க எவனும் காசு குடுக்க மாட்டான். நோட்டுல 'பாய்'னு தனிப் பக்கம், கட்டிங் சாய்க்கு ஒரு கோடு, அஞ்சாச்சுன்னா குறுக்கே ஒண்ணு. மாசக் கடைசியில மொத்தமா வரும். ஒருநாள் அதுல ஒருத்தன் குடிச்சிட்டு, சில்லறையை எண்ணிக் கல்லா மேல வச்சிட்டுப் போறான்.

முருகன்: அதுக்கென்ன?

செல்வம் அண்ணாச்சி: அதேதான் நானும் கேட்டேன். அப்பா ஒண்ணும் சொல்லல. அந்தக் காசைக் கல்லாவுல போடாம சாமி படத்துக்கிட்ட வச்சார். மூணாம் நாள் பாயைத் தூக்கிட்டாங்க.

ராணி அக்கா: அவன் கணக்குல குடிக்க மனசு வரல போல.

கார்த்தி: அண்ணாச்சி, இதை நான் எடுத்துக்கிடவா? அஞ்சு லட்சத்தைத் தூக்கிடுறேன்.

செல்வம் அண்ணாச்சி: எடுத்துக்க. கடை எந்த இடம்னு மட்டும் போடாத. அந்தாள் இன்னும் இங்கதான் இருக்கான்.

பேச்சியம்மா சித்தி: யாருல அது?

செல்வம் அண்ணாச்சி: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முருகன்: நான் பார்த்துட்டேன் 😳

செல்வம் அண்ணாச்சி: முருகா, போனை எடு.