மறு: டெம்பர்டு கிளாஸ் – உடையாக் கண்ணாடியா, தோய்கண்ணாடியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வண்டிப் பாகங்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையை நாலு நாளாக வாசித்துக்கொண்டுதான் இருந்தேன், பதில் எழுதக் கை ஒழியவில்லை. எங்கள் அம்பாசிடரின் பின்கண்ணாடி போய்விட்டது. அதுவும் டெம்பர்டு கிளாஸ்தான், அதாவது காய்ச்சிச் சட்டென்று ஆற்றி வலுவேற்றிய கண்ணாடி. மண்டபத்தில் வீட்டுக்குப் பின்னால் பனைக்கு அடியில் வண்டியை நிறுத்தியது என் புத்தி. ஆவணி மாதம், பழம் உதிர்கிற காலம். விடியற்காலையில் ஒன்று நேராகக் கண்ணாடி மேலேயே இறங்கிவிட்டது. ஆகவே இது அகராதியைப் புரட்டி எழுதும் பதில் அல்ல, பின்சீட்டிலிருந்து இரண்டு முறம் சில்லு அள்ளிய கை எழுதுவது.

> டெம்பர்டு கிளாஸுக்கு "உடையாக் கண்ணாடி" என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், தப்பாகப் புரியும். வாலிநோக்கம் உப்பளத்துக் கல்லுப்பைச் சீட்டில் கொட்டிவைத்தது போலக் கிடந்தது. கத்தி மாதிரி நீளமாக ஒரு சில்லும் இல்லை. வெறுங்கையால் அள்ளியதில் இரண்டு சின்னக் கீறல், அவ்வளவுதான். இந்தக் கண்ணாடி அப்படித்தான் உடைய வேண்டும். ஐ.நா. வாகன விதி 43இன்படி சோதனையில் உடைத்துப் பார்க்கும்போது 5 செ.மீ. பக்கமுள்ள சதுரத்துக்குள் குறைந்தது 40 துண்டு எண்ண வேண்டும். எப்படி உடைகிறது என்பதை வைத்துத் தேர்வு எழுதும் பொருளுக்கு "உடையா" என்று பெயர் சூட்டுவது எந்த ஊர் நியாயம்?

> அப்படியானால் "காப்புக் கண்ணாடி"?

அது பொதுப்பெயர். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி வண்டிக் கண்ணாடி எல்லாமே காப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்கிறது, முன்கண்ணாடி மட்டும் லேமினேட்டடாக இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்கிறது. இரண்டு தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டிய அதுவும் காப்புக் கண்ணாடிதான். குடும்பப் பெயரைத் தம்பிக்கு மட்டும் கொடுத்தால் அண்ணனை என்ன சொல்லிக் கூப்பிடுவது? (லேமினேட்டடுக்கு "அடுக்குக் கண்ணாடி" என்று அக்கா முன்மொழிந்ததில் எனக்கு மறுப்பில்லை.) இழையில் வந்த இன்னொரு பெயரான "பதக்கண்ணாடி"யை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பதக்கம் அடுக்கிய அலமாரிதான் நினைவுக்கு வருகிறது.

என் முன்மொழிவு: தோய்கண்ணாடி. பேச்சில் தோய்ச்சல் கண்ணாடி. (காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கி இறுகவைப்பதைக் கொல்லர்கள் தோய்ச்சல் என்பார்கள்.)

இது நான் யோசித்துக் கண்டுபிடித்ததில்லை. 2014இல் அம்பாசிடர் உற்பத்தியே நின்றுபோனதால் பின்கண்ணாடி தேடுவது ஒரு தனிப் பிழைப்பு. கடைக்குப் போன் போட்டு "பின்கண்ணாடி இருக்கா?" என்றால், "பின்னாடி பாக்குற கண்ணாடியா, பின்னாடி இருக்குற கண்ணாடியா?" என்கிறார் கடைக்காரர். (பள்ளிக்கூட இயற்பியலில் குழியாடி, குவியாடி என்று படித்ததை வைத்து, பார்க்கிறதைப் பின்னோக்காடி என்றும் இருக்கிறதைப் பின்கண்ணாடி என்றும் பிரித்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும்.) கடைசியில் சலித்துப்போய், ராம்நாட்டில் எங்கள் வண்டியைப் பார்க்கிற அண்ணனிடம், வேறு வண்டியின் பெரிய கண்ணாடி ஒன்றை வாங்கி அளவுக்கு அறுத்துவிடலாமா என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

"பாளை சீவுற அருவாளுக்கு எங்கப்பா தோய்ச்சல் குடுப்பாரு தம்பி, அந்த மாதிரிதான் இதுவும். தோய்ச்சதுக்கு அப்புறம் அரம் ஏறுமா? இதுல வைரத்த வச்சுக் கீறுனா பொலபொலன்னு போயிரும்."

அவர் அப்பா கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர். அறுப்பது, துளை போடுவது, வளைப்பது எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் தோய்ச்சல் என்ற வரிசை அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. "கடினக் கண்ணாடி" என்றிருந்தால் அறுக்கலாம் என்ற என் நப்பாசை போயிருக்காது.

> தோய்தல் என்றால் நனைதல். துணி தோய்ப்பதும் அதுதானே? குழப்பம் வராதா?

துணியும் தோய்க்கிறோம், தயிரும் தோய்க்கிறோம். யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னதுபோல, பாலைத் தோய்த்தால் அது நனைவதில்லை, வேறொன்றாகிறது. கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சி, இரண்டு முகத்திலும் குளிர்காற்றைப் பீய்ச்சுகிறார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது பிறகு ஆறிச் சுருங்கும்போது தோலைத் தன் பக்கம் இழுக்கும். தோலில் அமுக்கம், உள்ளே இழுவை. இரண்டும் மல்லுக்கட்டி நிற்பதால்தான் அதற்கு வலு, ஓரிடத்தில் தோல் கிழிந்தால் மொத்தமும் உதிர்வதும் அதனால்தான். அருவாளுக்குத் தண்ணீர், இதற்குக் காற்று.

இன்னொன்று. எஃகு வேலையில் டெம்பரிங் என்பது தோய்த்த இரும்பை மறுபடி மிதமாகச் சூடாக்கி அதன் நொறுங்கும் குணத்தைக் குறைப்பது. கண்ணாடிக்கு அப்படி எதுவும் செய்வதில்லை, சட்டென்று ஆற்றுவதோடு சரி. ஆக ஆங்கிலப் பெயரைவிட நம் கொல்லர் சொல்தான் நடப்பதற்குக் கிட்டே இருக்கிறது. அந்த ஆங்கிலப் பெயரையே மொழிபெயர்க்க நாம் ஏன் நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம் என்று தெரியவில்லை.

> ரப்பர் பீடிங்குக்கு (கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர் பட்டைக்கு) என்ன முடிவு?

பழைய வண்டியிலிருந்து கழற்றிய கண்ணாடி ஒன்று மதுரையில் அகப்பட்டது. அதை மாட்டும்போது நானும் கூட நின்றேன். பழைய ரப்பரை உரித்ததும் கண்ணாடியைத் தாங்கும் தகட்டு விளிம்பு தெரிந்தது, நமத்துப்போன அப்பளம் மாதிரி. கடல்காற்றின் உப்பு ரப்பருக்கு அடியில் ஈரத்தோடு தங்கி வருஷக்கணக்காகத் தின்றிருக்கிறது. கம்பி பிரஷ் போட்டு, ஓட்டையை அடைத்து, ரெட் ஆக்சைடு அடித்துக் காயவைத்ததிலேயே ஒரு நாள் போயிற்று.

மாட்டும் வித்தை அழகு. புது ரப்பரை முதலில் கண்ணாடியைச் சுற்றி மாட்டுகிறார்கள். தகட்டைக் கவ்வ வேண்டிய வெளிப்பக்கக் காடியில் நைலான் கயிற்றைச் சுற்றிலும் ஓட்டி, இரண்டு முனையும் கீழே நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க விடுகிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது வலைக்கயிறு. சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து ஒருவர் உள்ளங்கையால் தட்டி அழுத்த, உள்ளே உட்கார்ந்திருப்பவர் கயிற்றை மெல்ல உருவ வேண்டும். உருவ உருவ ரப்பரின் உதடு தகட்டைத் தாண்டி உள்ளே வந்து கவ்விக்கொள்ளும். உள்ளே உட்கார்ந்தது நான். மேல்மூலையில் சோப்பு காய்ந்ததைக் கவனிக்காமல் இழுத்தேன். "உதட்டக் கிழிச்சிராதீங்க தம்பி!" என்று வெளியிலிருந்து ஒரு சத்தம்.

ஒரு வாய் கண்ணாடியை, இன்னொரு வாய் தகட்டை. ஆகவே கவ்வுப்பட்டை. ஏற்கெனவே வந்த "விளிம்புப்பட்டை" கதவோரத்தில் அழகுக்கு ஒட்டும் பட்டைக்கும் பொருந்திவிடுகிறது என்பதால் எனக்குச் சம்மதமில்லை. உதடு என்ற சொல்லைத் தொடவே வேண்டாம், பட்டறையில் அது உயிரோடு இருக்கிறது.

மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். உங்கள் ஊர்க் கொல்லுப்பட்டறையில் தோய்ச்சலுக்கு வேறு சொல் வழங்கினால் அதையும் கேட்டுச் சொல்லுங்கள்.

பி.கு.: பழைய ரப்பரையே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்த தூத்துக்குடி நண்பருக்கு: வேண்டாம். வெயிலில் இறுகிப்போன உதடு கயிற்றுக்கு மடங்காது, முதல் மழைக்கே டிக்கியில் தண்ணீர் நிற்கும்.