இனிப்பு கொடுத்தாலே வாந்தி, கல்லீரலும் வீங்கியிருக்கிறது: இது அலர்ஜிதானா?

கேள்வி: கோபி அம்மா

வணக்கம்ங்க. பையனுக்கு 10 மாசம் ஆகிறது. தாய்ப்பால் மட்டும் குடித்த வரை ஒரு குறையும் இல்லை. ஆறு மாசத்துக்கு அப்புறம் ராகிக் கூழில் நாட்டுச் சர்க்கரை போட்டும், வாழைப்பழம் மசித்தும் கொடுக்க ஆரம்பித்தோம். அதிலிருந்து சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வாந்தி. சில நாள் வெளுத்துப்போய், வேர்த்து, துவண்டு படுத்துவிடுகிறான். அதே ராகிக் கூழை உப்பும் மோரும் விட்டுக் கொடுத்தால் ஆசையாகக் குடிக்கிறான். இனிப்பைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கொள்கிறான்.

வயிறு உப்பலாக இருக்கிறதே என்று காட்டியதில் கல்லீரல் வீக்கம் கைக்குத் தட்டுப்படுகிறது என்றார்கள். ரத்தத்தில் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் என்சைம் 190, அதிகம் என்றார்கள். எங்க அம்மா ராகி அலர்ஜி என்கிறார். மாமியார் வாழைப்பழம் ஒத்துக்கவில்லை என்கிறார். ஒரு லேபில் 200 வகை உணவுக்கு அலர்ஜி பார்க்கும் பேக்கேஜ் இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்கிறார்கள். அலர்ஜி வந்தால் கல்லீரல் வரைக்கும் போகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஈரோட்டுப் பெரியவர்

அம்மிணி, இதைப் படித்த கையோடு நாட்டுச் சர்க்கரை, வெள்ளைச் சர்க்கரை, தேன், பழம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தாய்ப்பாலும் மோர்க் கூழும் தொடரட்டும். நாளைக்கே குழந்தை மருத்துவரைப் பார்த்து, இங்கே எழுதியதை ஒரு வரி விடாமல் சொல்லுங்கள். குழந்தை எழுப்பினாலும் எழாமல் கிடந்தாலோ வலிப்பு வந்தாலோ நாளை வரை காத்திருக்காதீர்கள், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், ரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் டாக்டர் இல்லை. ஈரோட்டில் ரத்தம், சிறுநீர் பரிசோதிக்கும் வேலையிலேயே தலை நரைத்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

உணவு அலர்ஜி வழக்கமாகக் கல்லீரலைத் தொடாது. அது பெரும்பாலும் புரதத்துக்கு எதிராக வருவது: பால், முட்டை, நிலக்கடலை, மீன் இப்படி. ஐஜிஈ என்ற எதிர்ப்புப் பொருள் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டியிருக்கும். அந்தப் புரதம் வந்து பட்டதும் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டும். தடிப்பு, உதடு வீக்கம், இளைப்பு, வாந்தி எல்லாம் சில நிமிசத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். மிகக் கடுமையாகி ரத்த அழுத்தம் விழுந்தால், ரத்தம் போதாமல் கல்லீரல் செல்கள் அடிபடலாம். அது திடீரென்று வருகிற ஆபத்து. மாசக்கணக்கில் மெதுவாக வீங்கும் கல்லீரலுக்கு அது காரணம் ஆகாது. கோதுமையில் உள்ள குளூட்டனால் சீலியாக் நோய் வந்தவர்களுக்கு எஸ்ஜிபிடி ஏறுவதுண்டு, கோதுமையை விட்டால் பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால் ராகியில் குளூட்டன் கிடையாது. மோர் விட்ட ராகிக் கூழைக் குடித்துவிட்டு உங்கள் பையன் நன்றாக இருக்கிறான், அதனால் ராகியின் மேல் பழி போட முடியாது.

சர்க்கரை போட்ட ராகிக் கூழிலும் வாந்தி, வாழைப்பழத்திலும் வாந்தி என்றால் இரண்டுக்கும் பொதுவானது எது என்று பாருங்கள். ஃப்ரக்டோஸ். நாட்டுச் சர்க்கரையானாலும் வெள்ளைச் சர்க்கரையானாலும் குடலில் உடையும்போது பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். பழத்திலும் தேனிலும் அது நேரடியாகவே இருக்கிறது. தாய்ப்பாலில் இருப்பது லாக்டோஸ், அதில் ஃப்ரக்டோஸ் இல்லை. பால் குடித்த மாசங்களில் நன்றாக இருந்தான் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குச் சந்தேகம் வந்ததே அந்த வரியில்தான்.

பிறவியிலேயே ஃப்ரக்டோஸை ஏற்க முடியாத ஒரு கோளாறு இருக்கிறது. 1950களில்தான் மருத்துவ உலகம் அதை அடையாளம் கண்டது. அபூர்வமானது, ஆனால் நீங்கள் சொல்லும் குறிகள் அதற்கு அப்படியே பொருந்துகின்றன. கல்லீரல் செல்லுக்குள் ஃப்ரக்டோஸ் வந்ததும் ஒரு என்சைம் அதன் மேல் பாஸ்பேட்டை ஏற்றும். அடுத்து ஆல்டோலேஸ் பி என்ற இன்னொரு என்சைம் அதை இரண்டாக வெட்டி எரிபொருளாக்க வேண்டும். இந்தக் குழந்தைகளுக்கு அந்த இரண்டாவது என்சைம் வேலை செய்யாது. நம்ம பக்கம் தறி பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும்: தார் சுற்றுகிறவர் தறிக்கு வேண்டிய நூலைக் குச்சியில் சுற்றிக்கொண்டே இருக்கிறார், தறி நின்றுவிட்டது, இருக்கிற தார்க்குச்சியில் எல்லாம் நூல் ஏறிவிட்டது, வெறுங்குச்சி ஒன்றுகூடத் திரும்பவில்லை. அந்தக் குச்சிதான் பாஸ்பேட்.

பாஸ்பேட் இல்லாமல் செல்லால் ஏடிபி செய்ய முடியாது. ஏடிபிதான் செல்லின் சக்தி. அது குறைந்தால் செல் வீங்கும், உள்ளே கொழுப்பு சேரும், என்சைம்கள் ரத்தத்தில் கசியும். உங்கள் ரிப்போர்ட்டில் எஸ்ஜிபிடி 190 என்று இருப்பது அந்தக் கசிவாக இருக்கலாம். இன்னொரு பக்கம், கல்லீரல் சேமித்து வைத்த கிளைகோஜனை உடைத்துக் குளுக்கோஸாக வெளியே விடுகிற வழியும் அடைபடுகிறது. அதனால்தான் இனிப்பு தின்ற குழந்தைக்கே ரத்தச் சர்க்கரை விழுகிறது. வெளுப்பது, வேர்ப்பது, துவள்வது எல்லாம் அதன் குறிகள். சிறுநீரகத்திலும் இதே என்சைம் வேலை செய்வதால் அதுவும் பாதிக்கப்படும்.

அந்த 200 உணவு பேக்கேஜ் பெரும்பாலும் ஐஜிஈயை அல்ல, ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் பொருளை அளக்கும். ஐஜிஜி இருந்தால் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறோம் என்றுதான் பொருள், அலர்ஜி என்று அல்ல. அலர்ஜி மருத்துவர்களின் சங்கங்களே அதைப் பரிந்துரைப்பதில்லை. அந்தப் பணத்தை மரபணுப் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோளாறை உறுதி செய்வது ஆல்டோலேஸ் பி மரபணுவைப் பார்க்கும் சோதனைதான். சோதித்துப் பார்க்கிறோம் என்று யாரும் குழந்தைக்கு இனிப்பைக் கொடுக்க விடாதீர்கள்.

பதில்: காங்கேயம்

எங்க ஊரில் கல்லீரல் வீக்கத்துக்குக் கீழாநெல்லியை அரைத்துத் தேனில் குழைத்துக் கொடுப்பார்கள். குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். முயற்சி செய்யலாமே.

பதில்: ஈரோட்டுப் பெரியவர்

வேண்டாம்ங்க. நல்ல மனசோடு சொல்கிறீர்கள், ஆனால் இந்தக் குழந்தைக்குத் தேன்தான் ஆபத்தே. ஒரு வயதுக்குள் எந்தக் குழந்தைக்கும் தேன் கூடாது, பாட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோய் வரலாம். ஏற்கெனவே வீங்கியிருக்கிற கல்லீரலுக்கு என்ன காரணம் என்று தெரியாமல் எந்த மருந்தையும் ஏற்றக் கூடாது.

பதில்: சோமனூர் அக்கா

என் மகளுக்கு இதே கோளாறுதான். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், நன்றாக இருக்கிறாள். இனிப்பை நிறுத்தின சில வாரத்திலேயே வயிற்று உப்பல் குறைந்தது, எஸ்ஜிபிடியும் இறங்கியது. கம்பு, ராகி, சோறு, பால், தயிர், முட்டை, கறி, மீன், ஊத்துக்குளி வெண்ணெய் எல்லாம் சாப்பிடுகிறாள். கேரட், பீட்ரூட், வெங்காயம், தக்காளி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு இவற்றில் எது எவ்வளவு என்று உணவியல் நிபுணர் சொல்லித்தான் முடிவு செய்தோம். பழம் இல்லாததால் வைட்டமின் சி தனியாக வேண்டும், டாக்டர் எழுதித் தருவார்.

எனக்குப் பெரிய தொல்லையே மருந்துக் கடைதான். காய்ச்சல் சிரப், இருமல் சிரப் எல்லாம் சர்க்கரைப் பாகு. "சுகர் ஃப்ரீ" என்று எழுதியிருந்தால் சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருள் இருக்கலாம், அது உடம்புக்குள் போய் ஃப்ரக்டோஸாகவே மாறும். ஒவ்வொரு பாட்டிலிலும் பொடி எழுத்தைப் படியுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் சார்பிட்டால், ஃப்ரக்டோஸ் கலந்த ட்ரிப் ஏற்றக் கூடாது என்று முதலிலேயே எழுதிக் கொடுங்கள். டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றலாம், அது குளுக்கோஸ்.

அப்புறம் கோயில். பழனிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், கவுந்தப்பாடிச் சர்க்கரை, தேன், பேரீச்சை, கற்கண்டு, எல்லாமே இவர்களுக்கு ஆகாதவை. பிரசாதம்தானே, ஒரு விரல் நக்கினால் என்ன என்பார்கள். முருகன் கோவிச்சுக்க மாட்டார், திருநீறு போதும் என்று சொல்லிவிடுவேன். நோன்புக்கு ஒப்புட்டு, கச்சாயம் சுடும்போது அவளுக்கு மட்டும் கார முறுக்கு. இன்றுவரை பல்லில் ஒரு சொத்தை இல்லை, பல் டாக்டரே ஆச்சரியப்பட்டார்.

கோபி அம்மா

பெரியவருக்கும் அக்காவுக்கும் நன்றிங்க. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இனிப்பை நிறுத்தியதிலிருந்து வாந்தி இல்லை. அவரும் இதே சந்தேகம்தான் என்று, மரபணுச் சோதனைக்கு எழுதியிருக்கிறார். வேலூர் சிஎம்சி மரபியல் பிரிவுக்கும் கடிதம் கொடுத்தார். நான் கட்டியது அத்தை பையனைத்தான். அதனால் வந்ததா? அடுத்த குழந்தைக்கும் வருமா?

பதில்: ஈரோட்டுப் பெரியவர்

சோதனையில் உறுதியானால், உங்கள் இருவரிடமும் அந்த மரபணுவின் ஒரு பழுதான பிரதி இருக்கிறது என்று பொருள். உங்களுக்கு நல்ல பிரதியும் ஒன்று இருப்பதால் நோய் தெரியாது. குழந்தைக்கு இரண்டு பக்கமும் பழுதானது வந்தால்தான் நோய். சொந்தத்தில் கட்டினால் ஒரே பழுது இரு பக்கமும் இருக்க வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். சொந்தம் இல்லாதவர்களுக்கும் இது வருகிறது. யாரும் யாரையும் குற்றம் சொல்ல இதில் இடமில்லை, வீட்டில் யாராவது பேசினால் இதைக் காட்டுங்கள்.

அடுத்த ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பிறந்ததும் சர்க்கரைத் தண்ணி, சேனை தொட்டு வைப்பதை எல்லாம் கண்டிப்பாகத் தடுங்கள், பரிசோதனை முடியும் வரை தாய்ப்பால் மட்டும் போதும். வேலூர் போகும்போது பழைய ரிப்போர்ட்டுகள், இதுவரை கொடுத்த சிரப்புகளின் அட்டைப்பெட்டிகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள் அம்மிணி.